1790: வர்ஜீனியாவின் இரண்டு காலி இடங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

செனட், பிரதிநிதிகள் சபை என்ற இரு அவைகள் கொண்ட அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் முதல் பதவிக்காலம் நடந்துகொண்டிருந்த 1790இல், வர்ஜீனியா மாநிலம் மூன்று மாதத்துக்குள் இரண்டு உறுப்பினர்களை இழந்தது. மார்ச் 12 அன்று செனட்டர் வில்லியம் கிரேசன் காலமானார்; ஜூன் 1 அன்று பிரதிநிதிகள் சபையின் தியடோரிக் பிளாண்ட். செனட் இடத்துக்கு 19 நாளில் ஆள் கிடைத்துவிட்டது. மற்றது டிசம்பர்வரை காலியாகவே கிடந்தது.

அன்று செனட்டர்களைத் தேர்ந்தெடுத்தது மாநிலச் சட்டமன்றம். அது கூடாத வேளையில் ஆளுநரே தற்காலிகமாக ஒருவரை நியமிக்கலாம். அப்படி வந்தவர் ஜான் வாக்கர். நவம்பரில் சட்டமன்றம் ஜேம்ஸ் மன்றோவைத் தேர்ந்தெடுத்தது. பிரதிநிதிகள் சபைக்கு நியமனமே கிடையாது. அது மக்கள் நேரடியாக வாக்களித்து அமைக்கும் சபை. ஆளுநர் தேர்தல் ஆணை பிறப்பிக்க வேண்டும் என்கிறது அரசமைப்புச் சட்டம். எத்தனை நாளுக்குள் என்று சொல்லவில்லை. நியமனத்தை மறுத்தது சரிதான் என்பேன். கெடு வைக்காததுதான் குறை.

வர்ஜீனியாவில் தேர்தலை நடத்தியவர்கள் கவுண்டி எனப்படும் மாவட்டங்களின் ஷெரீப் என்ற அதிகாரிகள். நிலமுள்ள வெள்ளை ஆண்களுக்கே வாக்கு. வீட்டோடு 25 ஏக்கர் இருந்தால் போதும். வாக்குச்சீட்டு இல்லை. நீதிமன்றக் கட்டடத்துக்கு வந்து, எல்லோர் காதிலும் விழும்படி வேட்பாளர் பெயரைச் சொல்ல வேண்டும். எழுத்தர் ஏட்டில் குறித்துக்கொள்வார். பல கவுண்டிகளின் ஏடுகளை ஒன்றுசேர்த்துக் கூட்டினால்தான் முடிவு தெரியும்.

இதற்குள் காங்கிரஸ் காத்திருக்கவில்லை. தலைநகரைப் பொட்டோமாக் ஆற்றின் கரைக்குக் கொண்டுபோகும் மசோதா ஜூலை 9 அன்று பிரதிநிதிகள் சபையில் 32க்கு 29 என்று நிறைவேறியது. வர்ஜீனியாவின் சொந்த ஆற்றங்கரை பற்றிய அந்த வாக்கெடுப்பில், அதன் பத்து இடங்களில் ஒன்று காலி! பிளாண்டின் இடத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட வில்லியம் பிராஞ்ச் கைல்ஸ் வந்து அமர்ந்தது டிசம்பர் 7 அன்று.

மாசசூசெட்ஸில் இன்னொரு சிக்கல். அதிக வாக்கு வாங்கினால் மட்டும் போதாது, பதிவானதில் பாதிக்கு மேல் வேண்டும். கிடைக்காவிட்டால் மறுபடியும் தேர்தல். முதல் காங்கிரஸுக்கான பொதுத் தேர்தலிலேயே தியடோர் செட்ஜ்விக் ஐந்தாவது சுற்றில்தான் வென்றார். இடைத்தேர்தலில் இப்படி இழுத்தால், அத்தனை நாளும் தொகுதிக்குக் குரல் இருக்காது.

கூட்டாட்சிச் சட்டத்தில் 49 நாள் என்ற கெடு 2005இல்தான் வந்தது. அதுவும் நூறு இடங்களுக்கு மேல் ஒருசேரக் காலியானால் மட்டுமே.