தூரோடு பெயர்க்கும் மரம்

நேயர்களுக்கு வணக்கம். மரம் வெட்டுவதென்றால் தரையை ஒட்டி ரம்பம் வைப்பதுதான் வழக்கம். ஐரோப்பாவில் நன்றாக முற்றிய வால்நட் மரத்தை விலைபேசி வாங்கியவர் அப்படிச் செய்ய மாட்டார். சுற்றிலும் மண்ணைத் தோண்டி, வேர்களை அறுத்து, தூரோடு பெயர்த்தெடுப்பார். அடிமரமும் வேரும் சேருகிற இடத்தில்தான் ரேகைகள் முறுக்கிக்கொண்டு புகைச்சுருள் போல ஓடும். அதைக் காகிதம் போலச் சீவி வெனீர், அதாவது பலகைமேல் ஒட்டுகிற மெல்லிய மரத்தகடு, ஆக்குவார்கள். தண்டில் புடைத்த முண்டு கிடைத்தால் இன்னும் யோகம். பழைய ஜாகுவார் கார்களின் டாஷ்போர்டில் பளபளத்தது அந்த முண்டுதான்.

வைரம் பாய்ந்த கட்டை சாக்லேட் நிறத்தில், ஊடே கருங்கோடுகளோடு இருக்கும். காய்ந்தபின் எளிதில் முறுக்காது, அதிர்ச்சியைத் தாங்கும். இந்த நல்ல குணமே அதற்கு வினையானது. துப்பாக்கிக்குக் கட்டை போட இதைவிட ஏற்ற மரம் இல்லை என்பதால், போர் வந்தபோதெல்லாம் தோப்புகள் காலியாயின. அதோடு 1709-ஆம் ஆண்டுக் கடுங்குளிரில் பிரான்சில் ஏராளமான மரங்கள் பட்டுப்போயின. 1720-இல் அந்நாடு இந்தக் கட்டையின் ஏற்றுமதியையே தடுத்தது. இங்கிலாந்துத் தச்சர்கள் அப்புறம் மகோகனி மரத்துக்கு மாறிக்கொண்டார்கள்.

சரி, காட்டில் இதற்கு என்ன இடம்? மேற்கு ஐரோப்பாவுக்கு இது ரோமானியர்களால் பரவிய விருந்தாளி. வெயில் வேண்டும், பீச் (beech) எனும் காட்டு மரங்களின் அடர்நிழலில் தாக்குப்பிடிக்காது. அதனால் வயலோரமும் வீட்டு முற்றமுமே இதன் இடம். மரத்துக்குள் பழைய ஆணியும் வேலிக்கம்பியும் புதைந்திருக்கும். அறுப்பு ஆலைக்காரர் முதலில் இரும்பைத் தேடுவது அதனால்தான்.

காயின் பச்சைத்தோலை உரித்தால் விரல் மஞ்சளாகி, பிறகு கறுத்துவிடும். எவ்வளவு சோப்பு போட்டாலும் நாள்கணக்கில் போகாது. காரணம் ஜக்லோன். இலையிலும் வேரிலும் இருக்கும் அந்தப் பொருள் பக்கத்துத் தக்காளிச்செடியை வாட்டக்கூடியது. 'இதன் நிழலே ஆகாது' என்று பழைய ரோமானிய எழுத்தாளர் பிளினி காலத்திலிருந்து சொல்கிறார்கள். அது கொஞ்சம் மிகை என்பேன். பக்கத்துச் செடியை வாட்டுவதில் கில்லாடி அமெரிக்கக் கறுப்பு வால்நட்தான்.

இப்போது கதை மாறுகிறது. ஆஸ்திரியாவின் இன் (Inn) நதிப் பள்ளத்தாக்கில், யாரும் நடாத வால்நட் கன்றுகள் காட்டுக்குள் தலைகாட்டுகின்றன. குளிர்காலம் தணிந்தது ஒரு காரணம். பின்பனி விழுந்தால் புதுத்தளிர் இன்னமும் ஒரே இரவில் கருகும்தான். நடுகிறவர்கள் யார் என்கிறீர்களா? காகங்களும் அணில்களும். குளிர்காலத்துக்கென்று கொட்டையை மண்ணில் புதைத்துவைக்கும்; எடுக்காமல் விட்டது முளைத்துக்கொள்கிறது.