கீழாநெல்லியும் கல்லீரல் செல்களும்

வணக்கம் நேயர்களே. மஞ்சள் காமாலை என்றதும் நம் பக்கத்தில் முதலில் கீழாநெல்லியைத்தான் தேடுவார்கள். வேரோடு பிடுங்கி, மண் போக அலசி, அரைத்து மோரில் கலக்கிக் கொடுப்பார்கள். சில வாரத்தில் மஞ்சள் இறங்கிவிடும். ஆனால் தண்ணீர் மூலம் பரவும் ஹெபடைடிஸ் ஏ காமாலை, மருந்தே இல்லாமலும் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாகவே இறங்கும். பின்னே, குணப்படுத்தியது எது?

1988-ல் சென்னை ஆய்வாளர்கள் கீழாநெல்லியை முறையாகச் சோதித்து லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள். ஹெபடைடிஸ் பி கிருமி உடம்பிலேயே தங்கிவிட்டவர்களுக்குக் கீழாநெல்லிப் பொடி 200 மில்லிகிராம், தினம் மூன்று வேளை, 30 நாள். 37 பேரில் 22 பேருக்குக் கிருமியின் அடையாளம் ரத்தத்திலிருந்து மறைந்தது. மருந்தில்லாத பொடி சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. பெரிய நம்பிக்கை பிறந்தது. பிறகு வேறு இடங்களில் செய்துபார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை.

ஆய்வகத்திலோ, ஏறக்குறைய எந்த இலைச் சாறும் 'ஈரலைக் காக்கிறது'. அது எப்படி? இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். ஈரல் செல்லை வளர்த்து, சாறு விட்டு, பிறகு நஞ்சு விடுவார்கள். எத்தனை செல் பிழைத்தது என்று பார்க்க எம்டிடி என்ற மஞ்சள் சாயம் சேர்ப்பார்கள். உயிருள்ள செல் அதை ஊதாவாக்கும். ஊதா கூடினால் பிழைத்தவை அதிகம் என்று கணக்கு. ஆன்டிஆக்ஸிடன்ட் நிறைந்த சாறு இருக்கிறதே, அது செல்லே இல்லாமல் தானாகவே அந்தச் சாயத்தை ஊதாவாக்கிவிடும்! செத்த செல்லும் பிழைத்ததாகக் கணக்கில் ஏறும். அதனால் சாயம் விடுமுன் சாற்றைக் கழுவி எடுக்க வேண்டும். செல் வளர்க்கும் தட்டில், செல் இல்லாத ஒரு குழியில் சாற்றையும் சாயத்தையும் மட்டும் விட்டுப் பார்க்க வேண்டும். செல் உடைந்தால் வெளியே கசியும் எல்டிஹெச் நொதியையும் அளக்க வேண்டும்.

அடுத்தது, சாற்றைக் கரைக்கும் திரவம். இந்தச் சோதனையில் நஞ்சாக விடுவது பாரசிட்டமால் மருந்து என்று வையுங்கள். அது நேரடியாக நஞ்சல்ல. அளவு மீறும்போது ஈரல் நொதிகள் அதிலிருந்து நஞ்சை உண்டாக்குகின்றன, அந்த நஞ்சை முறிக்கும் குளுடாதயோன் என்ற பொருளின் இருப்பு செல்லில் தீர்ந்துபோகிறது. சாற்றைக் கரைக்கும் டிஎம்எஸ்ஓ திரவம் அந்த நொதிகளைத் தடுக்கக்கூடியது. அப்போது காப்பாற்றியது மூலிகையா, கரைத்த திரவமா? ஆகவே வெறும் டிஎம்எஸ்ஓவை அதே அளவில் விட்ட குழி ஒன்று கட்டாயம் வேண்டும்.

மூன்றாவது, நேரம். நஞ்சுக்கு முன்பே சாறு கொடுத்தால் நஞ்சு உண்டாவதையே அது தடுத்திருக்கலாம். நோயாளி வருவதோ நஞ்சு உள்ளே போன பிறகு. பாரசிட்டமால் அதிகம் விழுங்கியவருக்கு என்-அசிடைல்சிஸ்டீன் என்ற முறிமருந்தை 8 மணி நேரத்துக்குள் கொடுத்தால் ஈரல் அநேகமாகத் தப்பும். அது குளுடாதயோனைத் திரும்ப நிரப்புகிறது. ஒரு சாறு பிந்திக் கொடுத்தும் காக்கிறதா? எந்த ஆய்விலும் நான் முதலில் தேடுவது அதைத்தான்.

நேரம் நெருங்கிவிட்டது, மீதியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். செறிவூட்டிய கிரீன் டீ மாத்திரை, கொரோனா காலத்தில் பலர் குடித்த சீந்தில், இரண்டாலும் ஈரல் வீங்கியவர்கள் உண்டு. மூலிகை எடுக்கும்போது கண் மஞ்சளானால், சிறுநீர் அடர்ந்தால், உடனே நிறுத்துங்கள். ஈரலின் நிலையைக் காட்டும் எஸ்ஜிபிடி, பிலிருபின், ஐஎன்ஆர் என்ற ரத்தப் பரிசோதனை மூன்றையும் பாருங்கள். டாக்டரிடம் போகும்போது அந்தப் பொட்டலத்தையும் எடுத்துப் போங்கள். வணக்கம்.