ஹோர்மிஸும் அம்மாவின் கையெழுத்தும்

மேடையில் வீற்றிருக்கும் பஞ்சாயத்துத் தலைவர் அவர்களே, நூலகச் செயலாளர் அவர்களே, வேலந்தாவளம் சந்தையில் கடையை மகனிடம் விட்டுவிட்டு வந்திருக்கும் வியாபாரிகள் சங்கத் தலைவர் அவர்களே, குடும்பஸ்ரீ மகளிர் குழு அக்காமார்களே, வணக்கம். இந்த மண்டபத்துக்கு மின்விசிறி வாங்கித் தந்த பஞ்சாயத்துத் தலைவருக்கு முதலில் என் நன்றி.

பெடரல் வங்கியை வளர்த்த கே.பி. ஹோர்மிஸிடம் கற்க வேண்டியவை மூன்று: பொறுமை, நாணயம், எளியவரை மதிப்பது. அவர் பெரும்பாவூர் முன்சீப் கோர்ட்டில் வக்கீல். திருவல்லா பக்கம் நெடும்புறத்தில் 1931இல் தொடங்கி முடங்கிக் கிடந்த சின்ன வங்கியை ஏற்று, 1945இல் ஆலுவாவுக்குக் கொண்டுவந்தார். 1979 வரை அதையே கட்டிக்காத்தார். எறும்பு ஊரக் கல்லும் தேயும். 1960இல் பாலாய் சென்ட்ரல் வங்கி மூடப்பட்டபோது கேரளமே கலங்கியது. பல சின்ன வங்கிகள் பெயரில்லாமல் போயின. ஹோர்மிஸின் வங்கி நின்றது; 1968இல் மார்த்தாண்டம் கமர்ஷியல் வங்கியையும் சேர்த்துக்கொண்டது.

அடுத்து நாணயம். தமிழில் அது காசும்தான், சொன்ன சொல்லில் நிற்பதும்தான். இதைச் சொல்லும்போது அம்மா நினைவு வருகிறது. நகைக்கடனுக்காக ஒரு வங்கிக்குப் போனார், பெயர் வேண்டாம். அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் படிக்கத் தெரியும். நீட்டிய நான்கு தாளிலும் மலையாளமும் ஆங்கிலமும். "இதென்ன தம்பி?" என்று கேட்டார். "இவிடே ஒப்பிடூ அம்மே" என்றார் ஊழியர்; இங்கே கையெழுத்துப் போடுங்கள் என்று மலையாளத்தில். நான்கு இடத்திலும் சுழி பிசகாமல் தமிழில் கையெழுத்துப் போட்டார். மூன்று மாதம் கழித்துப் பாஸ்புக் பதிந்தால், கேட்காத காப்பீட்டுக்குப் பணம் பிடித்திருக்கிறார்கள். "என் கையெழுத்தை வச்சே என்னை ஏமாத்திட்டாங்களே" என்று அன்று இரவு சாப்பிடவில்லை. மறுநாள் பஸ் ஏறினார். மேனேஜர் மீட்டிங்கில் இருந்தார். அடுத்த வாரம் லீவு. அதற்கடுத்த வாரம் கம்ப்யூட்டர் வேலை செய்யவில்லை. ஆறாவது தடவை பணம் திரும்ப வந்தது. எறும்பு ஊரக் கல்லும் தேயும்!

மூன்றாவது, எளியவரை மதிப்பது. படிவங்கள் இந்தி, ஆங்கிலம், வட்டார மொழி மூன்றிலும் இருக்க வேண்டும் என்கிறது ரிசர்வ் வங்கி. சரி, கேரளத்தின் தமிழ்நாட்டு எல்லையில் இருக்கும் நம் கொழிஞ்சாம்பாறையில் வீட்டுக்கு வீடு பேசும் மொழி எது? தமிழ்தானே! நம் சித்தூர் தாலுகாவின் ஒவ்வொரு வங்கிக் கிளையிலும் தமிழ்ப் படிவமும், தமிழ் படிக்கத் தெரிந்த ஓர் ஊழியரும் வேண்டும். ஹோர்மிஸைப் பாராட்டும் எந்த வங்கிக்காரரும் இதை மறுக்கக் கூடாது.

வாசல் மேசையில் மனு இருக்கிறது. தமிழில் எழுதியது, படித்துப் பார்த்தே போடுங்கள். முதல் கையெழுத்து அம்மாவுடையது.