விலை கூடிய போனும் ஒரு சிட்டிகைப் பஞ்சும்

நேயர்களுக்கு வணக்கம். போன் பழுது பார்க்கிறவனைக் கூப்பிட்டு, விலை அதிகமான ஸ்மார்ட்போன் கொடுத்த காசுக்குத் தகுமா என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். போன் கெட்டால்தான் எனக்குப் பிழைப்பு. அதனால் நான் சொல்வதைக் கொஞ்சம் சந்தேகத்தோடு கேட்டாலும் தப்பில்லை. இருபது வருடத்துக்கும் மேலாக ஒரே மேசையில் உட்கார்ந்து, விலை கூடிய போனையும் குறைந்த போனையும் ஒரே விளக்கு வெளிச்சத்தில் திறந்து பார்த்தவன். பேசுவதற்கு எனக்கு இருக்கிற தகுதி அது ஒன்றுதான்.

புதுப் போன் வாங்கப் போகிறவர்கள் என்னிடம் யோசனை கேட்பார்கள். "அண்ணே, இந்த மாடல் எடுக்கலாமா?" நான் திருப்பிக் கேட்பேன்: "எத்தனை வருஷம் வச்சிருப்பீங்க?" கேமரா எத்தனை மெகாபிக்சல் என்று மனப்பாடமாக ஒப்பிக்கிறவர் இந்தக் கேள்விக்கு மட்டும் முழிப்பார்.

ஒரு சின்னக் கணக்கு. பேப்பர் வேண்டாம், விரல் போதும். சாதாரண போனின் விலையை ஒரு பங்கு என்று வையுங்கள். அது இரண்டு வருடம் உருப்படியாக ஓடுகிறது. விலை கூடிய போன் நாலு பங்கு. அப்படியானால் அது எட்டு வருடம் ஓடினால்தான் சரிக்குச் சரி. எட்டு வருடம்! வாங்குகிற அன்றைக்கு ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை எட்டாம் வகுப்பு முடித்திருக்கும். அத்தனை காலம் ஒரே போனை வைத்திருந்தவர்களை என் அனுபவத்தில் இரண்டு கை விரலுக்குள் எண்ணிவிடலாம். இதில் வேடிக்கை என்னவென்றால், என் மேசைக்கு வருகிறவர்களில் விலை கூடிய போன்காரர்கள்தான் சீக்கிரம் மாற்றுகிறார்கள். புது மாடல் அறிவிப்பு வந்தால் போதும், கையில் இருப்பது அன்று சாயங்காலமே 'ஸ்லோ' ஆகிவிடும். நடுவில் இருக்கிற, இரண்டு பங்கு விலை போன் ஐந்து வருடம் ஓடினால், இந்தக் கணக்கில் அதுதான் ஜெயிக்கிறது.

ஐந்து வருடம் ஓடுமா? பேட்டரி மாற்றினால் ஓடும். சரி, பேட்டரி என்று வாயில் வந்துவிட்டது. இனி என்னை நிறுத்துவது கஷ்டம்.

1980-களின் முதல் பாதியில் விற்பனைக்கு வந்த மோட்டோரோலாவின் டைனாடாக் என்கிற கைபேசியின் விலை 3,995 டாலர். சார்ஜ் ஏற பத்து மணி நேரம், பேச அரை மணி நேரம். அன்றைக்கும் பேட்டரிதான் தகராறு, இன்றைக்கும் அதேதான். போனில் மற்ற பாகங்கள் உடைந்தால்தான் கெடும். பேட்டரி மட்டும் சும்மா இருந்தாலும் வயதாகும். சுமார் ஐந்நூறு முழுச் சுற்று சார்ஜ் ஆனதும், புதிதில் இருந்த கொள்ளளவில் 80 சதவீதம்தான் மிஞ்சும் என்பது நெடுங்காலமாக இருந்த பொதுக் கணக்கு. இப்போது சில மாடல்களுக்கு ஆயிரம் சுற்று சொல்கிறார்கள். பாதியிலிருந்து நிறைய இரண்டு தடவை ஏற்றினால் அது ஒரு சுற்று. அப்புறம் சூடு. தலையணைக்கு அடியில் வைத்து ராத்திரி முழுக்கச் சார்ஜ் போடுகிறவர்கள் இருக்கிறீர்களா? இருக்கிறீர்கள், எனக்குத் தெரியும். அந்தச் சூடுதான் பேட்டரியைத் தின்கிறது. பத்து பங்கு விலை கொடுத்து வாங்கினாலும் உள்ளே இருப்பது அதே லித்தியம்தான்.

பேட்டரிக்கு வயதானால் போனே மெதுவாகிவிடுவதும் உண்டு. பழைய பேட்டரி உள்ள ஐபோன்கள் திடீரென்று அணைந்துவிடாமல் இருக்க அவற்றின் வேகத்தை மென்பொருளால் குறைத்தோம் என்று 2017 டிசம்பரில் ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டது. அடுத்த வருடம் முழுக்க பேட்டரி மாற்றும் கட்டணத்தையும் குறைத்து வாங்கினார்கள். பேட்டரி மாற்றியதும் பழைய வேகம் திரும்பியது. அதற்கு முன்னால் எத்தனை பேர் 'போன் செத்துப்போச்சு' என்று புதுசு வாங்கியிருப்பார்கள், யோசித்துப் பாருங்கள்.

செத்துப்போன போன் என்றதும் ஒருவர் ஞாபகத்துக்கு வருகிறார். பெயர் சொல்ல மாட்டேன். ஓய்வு பெற்றவர், கண்டிப்பானவர். ஒருநாள் இரண்டு போனோடு வந்தார். ஒன்று, அப்போதுதான் வாங்கிய புதுசு, பெட்டியோடு. மற்றது மூன்று வருடம் பழையது, அதுவும் விலை கூடிய ரகம்தான். "சார்ஜ் ஏறலப்பா. ஒயரைச் சாய்ச்சுப் பிடிச்சாத்தான் ஏறுது. இதோட ஆயுசு முடிஞ்சுது. ஸ்பேர் பார்ட்ஸுக்கு எடுத்துக்கோ, என்ன தர்றே?" என்றார்.

நான் போனை அணைத்துவிட்டு, சார்ஜ் ஒயர் சொருகுகிற துளைக்குள் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ரேடியோவில் காட்ட முடியாது. உங்கள் போனின் அடிப்பக்கத்தில் ஒரு சின்ன வாய் இருக்கிறதே, அதுதான். பல் குத்தும் மரக்குச்சியைச் சீவி மெல்லிசாக்கி உள்ளே விட்டு, ஓரமாக நெம்பினேன். ஒரு துண்டு வந்தது. கம்பளி மாதிரி அழுத்தி வைத்த பஞ்சு. இன்னொரு தடவை நெம்பினேன், இன்னொரு துண்டு. வெளிர் நீல நிறம். நான் அவர் சட்டையைப் பார்த்தேன், அவரும் தன் சட்டையைப் பார்த்தார். மூன்று வருடமாகச் சட்டைப் பையில் இருந்த நூலும் தூசியும் அந்த வாய்க்குள் போய், ஒவ்வொரு தடவை ஒயர் சொருகும்போதும் உள்ளே இடிபட்டு, மெத்தையாகியிருந்தது. ஒயர் முழுசாக உள்ளே போகவே இல்லை. இப்போது சொருகினேன். 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் உங்களுக்கும் தெரியும். சார்ஜ் ஏறியது.

அவர் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. மேசை மேல் இருந்த அந்தப் பஞ்சை ஒரு விரலால் தள்ளிப் பார்த்தார். புதுப் போன் பெட்டியை ஒருமுறை திருப்பிப் பார்த்தார். "இதை யார்கிட்டயும் சொல்லாதே" என்றார். நானும் இத்தனை நாள் சொல்லவில்லை, இன்றைக்குத்தான் ஊருக்கே சொல்கிறேன். புதுசை வீட்டில் அம்மாவிடம் கொடுத்தாராம். அந்த அம்மா கேட்ட முதல் கேள்வி: "பழசை விட இதுல என்ன கூடுதல்?" இவருக்குப் பதில் தெரியவில்லை. ஒரு சிட்டிகைப் பஞ்சு எடுத்ததற்கு எவ்வளவு கேட்பது என்று எனக்கும் தெரியவில்லை. நீங்களே எடுத்துப் பார்ப்பதானால் போனை அணைத்துவிட்டு, மரக்குச்சியால் மட்டும் எடுங்கள். ஊசி, குண்டூசி கூடவே கூடாது. உள்ளே இருக்கிற மெல்லிய உலோக முனை வளைந்தால் நிஜமாகவே என்னிடம் வர வேண்டியிருக்கும்.

விலை கூடிய போனில் ஒன்றுமே இல்லை என்று நான் சொல்லவில்லை. முதலாவது கேமரா. ராத்திரியில் எடுக்கிற படத்தைப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். மழையில் ஒரு டம்ளரும் ஒரு அண்டாவும் வைத்தால் எதில் தண்ணீர் அதிகம் சேரும்? வாய் அகலமானதில். கேமராவுக்குள் ஒளி விழுகிற சென்சாரும் அப்படித்தான், அகலம்தான் முக்கியம். மெகாபிக்சல் என்பது படத்தில் எத்தனை பத்து லட்சம் புள்ளி என்கிற கணக்கு, அந்த எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். 200 மெகாபிக்சல் கேமரா பெரும்பாலும் பதினாறு புள்ளியை ஒன்றாகச் சேர்த்து 12.5 மெகாபிக்சல் படமாகத்தான் கொடுக்கிறது.

இரண்டாவது ஸ்டோரேஜ். மலிவு போன் ஒரு வருடத்தில் ஹேங் ஆவதற்குப் பெரிய காரணம் இது. அதில் போடுகிற நினைவகம் மெதுவானது, நிரம்ப நிரம்ப இன்னும் திணறும். ஆனால் நல்ல ஸ்டோரேஜ் இப்போது நடுத்தர விலைப் போன்களிலேயே வந்துவிட்டது. அதற்காக உச்சாணிக் கொம்புக்கு ஏற வேண்டியதில்லை. மலிவு போனுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. டிஸ்ப்ளே உடைந்தால், மாற்றுகிற செலவு போன் விலையைத் தொட்டுவிடும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். அதற்காக, விலை கூடிய போனின் டிஸ்ப்ளே என்ன விலை என்று இப்போதே சொல்லி உங்களைப் பயமுறுத்தப் போவதில்லை.

மூன்றாவது, இதுதான் உண்மையான வித்தியாசம்: அப்டேட், அதாவது போனின் மென்பொருளைக் கம்பெனி புதுப்பித்துத் தருவது. 2023-ல் கூகுள் பிக்சல் 8 போனுக்கும், 2024-ல் சாம்சங் கேலக்ஸி எஸ்24 வரிசைக்கும் ஏழு வருட அப்டேட் தருவதாகச் சொன்னார்கள். அந்த ஏழு வருடம் மாடல் வெளியான நாளிலிருந்து ஓட ஆரம்பிக்கிறது, நீங்கள் வாங்கிய நாளிலிருந்து கிடையாது. இரண்டு வருடம் கழித்துத் தள்ளுபடியில் வாங்கினால் உங்களுக்கு மிச்சம் ஐந்துதான். தள்ளுபடி அதற்குத் தகுந்த மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் ஒரு விதி இருக்கிறது. பேட்டரி எண்ணூறு சுற்றுக்குப் பிறகும் 80 சதவீதம் தாங்க வேண்டும், உதிரிபாகம் பல வருடத்துக்குக் கிடைக்க வேண்டும். பேட்டரி விஷயத்தை நான் மறுபடி இழுக்கிறேன் என்று தெரிகிறது. இழுக்கத்தான் செய்வேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒருவர் விரல் காட்டுகிறார். பழைய போன் வாங்குவது பற்றித்தான் அதிகம் பேச நினைத்து வந்தேன், இப்போது ஒரு நிமிடம்தான் இருக்கிறது. அவசரமாகச் சொல்லிவிடுகிறேன். பழைய போன் வாங்கினால், விற்கிறவர் தன் கணக்கிலிருந்து வெளியேறி, போனை முழுசாக அழித்து, புதுப் போன் மாதிரி 'ஹலோ' என்று திரை வருகிற வரை கூட இருந்து பாருங்கள். இல்லாவிட்டால் அவருடைய பாஸ்வேர்டு இல்லாமல் அதை நீங்கள் பயன்படுத்த முடியாது, என்னாலும் திறந்து தர முடியாது. செட்டிங்ஸில் பேட்டரி நிலை காட்டுகிற மாடலாக இருந்தால் அந்தச் சதவீதத்தைப் பாருங்கள். முதுகை விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, எங்கேயாவது லேசாக உப்பியிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். உப்பியிருந்தால் வாங்காதீர்கள், சார்ஜும் போடாதீர்கள். தண்ணீர் புகாத போன் பற்றி ஒரு... சரி, காட்டிய விரலையும் மடக்கிவிட்டார். வணக்கம்.