வாயுள்ள பிள்ளை

(மொரிசியசில், எங்கள் ஊர்க் கோவில் மண்டபத்தில் தைப்பூசம் முடிந்த மறுவாரம் நான் பேசியதன் எழுத்து வடிவம்)

அவைத்தலைவர் அவர்களே, கோவில் நிர்வாகக் குழுத் தலைவர் ஐயா அவர்களே, அவருக்குப் பக்கத்தில் அமர்ந்திருக்கும் கிராம சபைத் தலைவர் அவர்களே, போர்ட் லூயியிலிருந்து இந்த வெயிலில் வந்திருக்கும் கல்வி அதிகாரி அம்மையார் அவர்களே, நம் பிள்ளைகளுக்கு வருஷக்கணக்காக அரிச்சுவடி சொல்லித்தந்த ஆசிரியர் ஐயா அவர்களே, தாய்மார்களே, தம்பி தங்கைகளே, அனைவருக்கும் வணக்கம். பின்கட்டில் ஏழு கறிக்குக் காய் நறுக்கிக்கொண்டிருக்கும் அம்மாக்களுக்குத் தனியாக ஒரு வணக்கம். அவர்கள் காதிலும் விழட்டும் என்றுதான் ஒலிபெருக்கியைக் கொஞ்சம் கூட்டி வைக்கச் சொன்னேன்.

பக்கத்து ரீயூனியன் தீவில் பிள்ளைகளோடு மலையேறிய கதையைச் சொல்லும்படி தலைவர் ஐயா கேட்டார். இரண்டு விஷயம் சொல்ல நினைக்கிறேன். வழி ஏன் தவறியது, திட்டத்தை எப்படி மாற்றினோம். "வாயுள்ள பிள்ளை பிழைக்கும்" என்று என் பாட்டி சொல்வார். அந்தப் பழமொழியும் கூடவே வரும்.

போன ஆகஸ்டு மாதம் ஒன்பது பேர் போனோம். பெரியவர்கள் மூவர், மற்ற ஆறு பேரும் பதினாறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள். விமானத்தில் ஏறி உட்கார்ந்தால் ஒரு மணி நேரத்துக்குள் இறங்கிவிடலாம். ஆனால் மலை வேறு மாதிரி. நம் தீவின் உயரமான சிகரம் 828 மீட்டர், அங்கே பித்தோன் தே நேஜ் 3,070 மீட்டர். அதன் அடிவாரத்தில் மஃபாத் என்று ஒரு பெரும் பள்ளத்தாக்கு. உள்ளே ஊர்கள் உண்டு, பள்ளிக்கூடம் உண்டு, கடை உண்டு, சாலை மட்டும் கிடையாது. நடந்து போக வேண்டும், இல்லாவிட்டால் ஹெலிகாப்டர். அடிமைத்தளையை அறுத்துக்கொண்டு ஓடியவர்கள் ஒளிந்து வாழ்ந்த இடம் அது. 1848 டிசம்பர் 20-ஆம் தேதி அங்கே அடிமை முறை ஒழிந்தது. கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேண்டும் என்று அதற்குப் பின் கப்பல் கப்பலாக ஏற்றி வந்தவர்களில் நம் சனம் எத்தனையோ பேர்.

முதல் நாள் சிலாவோசிலிருந்து தயிபித் கணவாய் ஏறி மார்லாவில் இறங்கித் தங்கினோம். மறுநாள் காலே நதியை ஒட்டி நடந்து ரோஷ் பிளாத் என்ற ஊருக்குப் போக வேண்டும். மூன்றாம் நாள் மாயிதோ உச்சிக்கு ஏறினால் வேன் காத்திருக்கும். படுக்கைக்குப் பணம் கட்டியாகிவிட்டது.

மார்லாவை விட்டுக் கிளம்பினோம். முன்னால் நடந்தவன் நான். பாறையிலும் மரத்திலும் சிவப்பு வெள்ளைப் பட்டை தீட்டியிருப்பார்கள், அதைப் பார்த்துக்கொண்டே போனால் போதும் என்று நினைத்தேன். தவறு அங்கேதான். அந்தத் தீவில் ஒன்றுக்கு மேற்பட்ட நெடும்பாதைகள் இருக்கின்றன, எல்லாவற்றுக்கும் அதே சிவப்பு வெள்ளைதான். மார்லாவைத் தாண்டி இரண்டு பாதை பிரிகிறது. பிரியும் இடத்தில் பலகையைப் படிக்காமல் பட்டையை மட்டும் பார்த்தேன். இரண்டு மணி நேரம் நடந்தும் ஆற்றுச் சத்தமே கேட்கவில்லை. கோழி கூவியது, தலைக்கு மேல் ஹெலிகாப்டர் மூட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு போனது. நாங்கள் நின்றிருந்த ஊர் லா நூவேல்!

எனக்கு உடம்பெல்லாம் சூடு. இறங்கு, எப்படியும் இருட்டுவதற்குள் ரோஷ் பிளாத் போய்விடலாம் என்றேன். பிள்ளைகள் பேசவில்லை. அப்போது ஒரு வீட்டு வாசலில் வயதான அம்மா ஒருவர் முறத்தில் பருப்பு புடைத்துக்கொண்டிருந்தார். சிலாவோஸ் பருப்பு, மிளகைவிடச் சின்னது. எங்களோடு வந்த பதினான்கு வயதுப் பெண் போய்த் தீவுகளின் பேச்சுமொழியான கிரியோலில் வணக்கம் சொல்லி வழி கேட்டாள். அவர்கள் கிரியோலும் நம் கிரியோலும் அக்கா தங்கை மாதிரி, பாதிக்குமேல் புரியும். அந்த அம்மா முறத்தை மடியில் வைத்து, பருப்பை ஒரு பக்கம் ஒதுக்கினார். பொறுக்கி வைத்திருந்த கற்களில் பெரிதாக ஒன்றை எடுத்து வைத்து, இது மாயிதோ என்றார். இன்னொரு கல், இது ரோஷ் பிளாத். நடுவே விரலால் ஒரு கோடு இழுத்தார், கோடு கீழே போய்க் கீழே போய் மறுபடி மேலே ஏறியது. வானத்தைக் காட்டினார். மேகம் அதற்குள் கழுத்தளவு இறங்கியிருந்தது. குளிர்காலத்தில் ஆறு மணிக்கெல்லாம் இருட்டு. "பிள்ளைகளை வைத்துக்கொண்டா?" என்று என்னைப் பார்த்துத்தான் கேட்டார். அந்தக் கேள்வி இன்னும் என் நெஞ்சில் இருக்கிறது.

சரி, இங்கேயே தங்குவோம் என்றேன். அந்த அம்மாவே இரண்டு வீடு தள்ளிப் படுக்கை பேசிக் கொடுத்தார். ரோஷ் பிளாத்தில் காத்திருப்பவர்களுக்குப் போன் போட்டு நாங்கள் வரவில்லை என்று சொன்னோம். திட்டத்தை மாற்றினால் முதல் வேலை அதுதான். சொல்லாவிட்டால் ராத்திரி நம்மைத் தேடி ஆள் கிளம்பிவிடும். வேன் ஓட்டுநரிடம் மாயிதோ வேண்டாம், சலாசி பக்கம் பெஃப் கணவாய்க்கு வாருங்கள் என்றோம். தீவையே பாதி சுற்றி வந்தார் பாவம்.

அன்று மாலை அந்த அம்மா வீட்டு அடுப்பில் பருப்பு கொதித்தது. மகன் கீழேயிருந்து கொண்டுவந்த ஒரு கொத்து இலையை உருவிப் போட்டு, "கலூபிலே" என்றார். நம் பெண் துள்ளி எழுந்தாள். "ஐயா, கறிவேப்பிலை!" அந்த அம்மாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் சொல் அங்கே இருக்கிறது, மலைக்கு நடுவே, சட்டியில். வாயுள்ள பிள்ளை பிழைக்கும்.

அந்தச் சொல்லை அவள் எப்படிக் கண்டுகொண்டாள் தெரியுமா? இந்தக் கோவிலின் சாயங்கால வகுப்பில் நான்கு வருஷம் படித்தவள். மற்ற ஐந்து பிள்ளைகள் சும்மா இருந்தார்கள், அவர்கள் மேல் குற்றமில்லை. நாம் அவர்களுக்குத் தேவாரத்தை ரோமன் எழுத்தில் எழுதிக் கொடுத்துப் பாட வைக்கிறோம், பேசக் கற்றுக்கொடுப்பதில்லை. 1998-இல் ரூபாய் நோட்டில் தமிழின் இடம் மாறியது என்று இந்தத் தீவுத் தமிழர்கள் எழுந்து நின்றார்கள். மத்திய வங்கி அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்றது. நானும் தெருவில் நின்றவன். இன்று அந்த நோட்டை எடுத்து நீட்டினால் அதில் உள்ள தமிழை வாசிக்க இந்த மண்டபத்தில் எத்தனை பிள்ளைகளால் முடியும்? பலகையைப் படிக்காமல் பட்டையை மட்டும் பார்த்து நடந்தேனே, அதைத்தான் நாமும் வீட்டில் செய்துகொண்டிருக்கிறோம்.

கல்வி அதிகாரி அம்மையார் இங்கே இருக்கும்போதே கேட்டுக்கொள்கிறேன். பள்ளியில் தமிழ்ப் பாடம் இருக்கிறது, அதற்கு நன்றி. ஆனால் பேச்சுக்கு என்று தனியாக ஒரு மணி நேரம் வேண்டும். நிர்வாகக் குழு ஐயா, சாயங்கால வகுப்பை இந்த வருஷம் பாதியாகக் குறைக்கும் யோசனையைத் தயவுசெய்து கைவிடுங்கள். வாத்தியாருக்குக் கொடுக்கும் பணம் போதவில்லை என்றால் ஒவ்வொரு குடும்பமும் கொடுப்போம், முதல் ஆளாக நான் கொடுக்கிறேன்.

தலைவர் ஐயா நேரமாகிறது என்கிறார். வாசலில் செருப்பு வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் மேசை போட்டு ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். பிள்ளையின் பெயரையும் வயதையும் எழுதிவிட்டு அப்புறம் இலையில் உட்காருங்கள். வருகிற சனிக்கிழமை மூன்று மணிக்குப் பேச்சுத் தமிழ் வகுப்பு. முதல் பாடம் எடுக்கப்போவது லா நூவேலில் வழி கேட்ட அந்தப் பெண்தான். அதோ, மூன்றாவது வரிசையில் பச்சைப் பாவாடையில் இருக்கிறாள். எழுந்து நில்லம்மா.