சிவப்பு போனால் நோய் போனதாகுமா?

வணக்கம். இந்த வருடத் தொடக்கத்தில் உச்சிப்புளிப் பக்கமிருந்து ஒரு அம்மா பத்து வயது மகனோடு என்னிடம் வந்தார். "மெட்ராஸ் ஐதான் டாக்டர், மெடிக்கல்ல மருந்து வாங்கி ஊத்தினேன், சிவப்பு போயிடுச்சு, இப்ப திரும்ப வந்திருக்கு" என்றார். கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்லிட் லாம்ப் கருவியில் பார்த்தால் கருவிழிக்குப் பின்புறம், கீழ்ப்பக்கமாக, முத்துப் போல ஒரு வெள்ளைப் புள்ளி. "தம்பி, ஊருணியில குளிப்பியா?" என்று கேட்டேன். "தினமும்" என்றான்.

மெட்ராஸ் ஐ கண்ணின் வெளிப்பரப்போடு நிற்பது, பீளை தள்ளும், பெரும்பாலும் தானாகவே போய்விடும். இவனுக்கு வந்தது கண்ணுக்கு உள்ளே வரும் அழற்சி, யுவியைட்டிஸ். இதில் பீளை இருக்காது, வெளிச்சம் பட்டால் கூசும், பார்வை மங்கும். ஊருணி, கண்மாய் என்று தண்ணீரில் வாழும் நத்தையிலிருந்து வெளிவரும் ஒரு நுண்ணிய தட்டைப்புழு கண்ணுக்குள் போய், நான் பார்த்த வெள்ளைப் புள்ளி போன்ற கட்டியை உண்டாக்குகிறது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை ஆய்வாளர்கள் நம் தமிழ்நாட்டுப் பிள்ளைகளிடமே இதைக் கண்டறிந்து, அது புரோசெரோவம் வேரியம் என்ற புழு என்று 2016இல் எழுதினார்கள்.

கட்டி சின்னதாக இருக்கும்போதே வந்தால், அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு சொட்டு மருந்திலேயே கரைந்துவிடும். பெரிதாகிவிட்டால் அறுவை செய்துதான் எடுக்க வேண்டியிருக்கும். கூடவே கண்மணியை விரிக்க ஒரு மருந்து தருவோம், அது லென்ஸோடு ஒட்டிக்கொள்ளாமல் இருப்பதற்காக. அதைப் போட்டால் சில நாள் புத்தகம் மங்கலாகத்தான் தெரியும். மருந்தால் கண் கெட்டுவிட்டது என்று பயந்துபோய் நிறுத்திவிடாதீர்கள் தாய்மார்களே.

ஸ்டீராய்டை ஒரே நாளில் நிறுத்தவும் கூடாது, அழற்சி திரும்பிவிடும், நாங்கள் சொல்கிறபடி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். அதே நேரம் பழைய சீட்டைக் காட்டி மாதக்கணக்கில் வாங்கி ஊற்றினால் கண் அழுத்தம் ஏறும், புரை விழும். அழற்சியிலிருந்து தப்பிய கண்ணை மருந்துக்குப் பறிகொடுத்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன், மனது ஆறவே இல்லை.

சரி, ஊருணிப் பக்கமே போகாத பிள்ளைக்கும் யுவியைட்டிஸ் வரலாம். முழங்கால் வீங்கும் சிறுவர் மூட்டுவாதம் இருந்தால், சிவப்போ வலியோ இல்லாமலே கண்ணுக்குள் அழற்சி ஓடிக்கொண்டிருக்கலாம், அதனால் மருத்துவர் சொன்ன இடைவெளியில் கண் பரிசோதனை கட்டாயம். சொட்டு மருந்து போதாதபோது, நோய் எதிர்ப்புச் சக்தியின் வேகத்தைக் குறைக்கும் மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்தைத் தருவோம். அது வாரம் ஒரே நாள்தான், தவறிப்போய்த் தினமும் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. அதற்கும் அடங்காவிட்டால் இப்போது அடாலிமுமாப் ஊசி இருக்கிறது; மெத்தோட்ரெக்சேட்டோடு அதைச் சேர்த்துப் போட்ட பிள்ளைகளுக்கு அழற்சி நன்றாகக் கட்டுப்பட்டதை 2017இல் வந்த ஆய்வு காட்டியது.

அப்புறம் ஒன்று. ஏழெட்டு வயதுக்குள் ஒரு கண் நீண்ட நாள் மங்கலாகவே இருந்தால், மூளை அந்தக் கண்ணைப் பயன்படுத்தாமல் விட்டுவிடும், நோய் குணமான பிறகும் பார்வை முழுதாக வராது. சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு கண் மங்கினால் சொல்லவும் தெரியாது. இன்றைக்கு ராத்திரி பிள்ளையின் ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடி, சுவரில் இருக்கும் காலண்டர் தேதியைக் கேளுங்கள், பிறகு மறு கண்ணை மூடிக் கேளுங்கள். ஒரு பக்கம் தடுமாறினால் மறுநாளே கூட்டி வாருங்கள்.