உயர்கணிதம் பலமே: ஒரு பட்டிமன்ற உரை

நடுவர் அவர்களுக்கும், எதிரணி நண்பர்களுக்கும், அவையில் நிறைந்திருக்கும் பெற்றோர்க்கும் மாணவர்க்கும் என் வணக்கம். ‘மேல்நிலை வகுப்புகளில் உயர்கணிதம் மாணவர்க்குப் பலமா, பாரமா?’ என்னும் தலைப்பில், பலமே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர், மின்கட்டணம் கட்டுகிறவருக்குத் தொகை நுண்கணிதம் எதற்கு, மளிகைக் கடைக்குப் போகிறவருக்குக் கலப்பெண் எதற்கு என்று கேட்டுக் கைத்தட்டல் பெற்றார். நடுவர் அவர்களே, மளிகைக் கடைக்கு வேண்டிய கணக்கை நம் பிள்ளைகள் ஐந்தாம் வகுப்பிலேயே முடித்துவிடுகிறார்கள். +2 கணிதம் எதற்கு என்பதை அந்தப் பாடநூலிலிருந்தே காட்டுகிறேன். பத்தாம் பாடமான சாதாரண வகைக்கெழுச் சமன்பாடுகளில் ஒரு கணக்கு வருகிறது. இறந்துபோன ஒருவரின் உடலைத் துப்பறிவாளர் இரவு 8 மணிக்குக் காண்கிறார். அப்போது உடலின் வெப்பநிலை 70 டிகிரி ஃபாரன்ஹீட். 10 மணிக்கு மீண்டும் அளந்தால் 60. அறையின் வெப்பநிலை 50. உயிரோடு இருந்தபோது உடலின் வெப்பநிலை 98.6 என்று கொண்டால், அவர் இறந்தது எப்போது?

அவையோரும் என்னோடு சேர்ந்து கணக்கிடலாம். அறையைவிட உடல் எவ்வளவு கூடுதலாகச் சூடாக இருக்கிறதோ, அதற்கேற்ற வேகத்தில்தான் அது குளிர்கிறது என்பது நியூட்டனின் குளிர்வு விதி. 8 மணிக்கு அந்த வேறுபாடு 20 டிகிரி, 10 மணிக்கு 10 டிகிரி. ஆக, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அது பாதியாகிறது. அப்படியானால் 6 மணிக்கு 40 ஆக இருந்திருக்க வேண்டும். இறந்த நொடியில் அது 48.6, அதற்கு இன்னும் சற்றே பின்னால் போக வேண்டும். மடக்கையைப் பயன்படுத்திப் பார்த்தால் மாலை 5.26 மணி என்று விடை வருகிறது. யாரும் பார்த்திராத ஒரு நிகழ்வின் நேரத்தை, இரண்டே இரண்டு அளவீடுகளைக் கொண்டு ஒரு பதினேழு வயதுப் பிள்ளை சொல்லிவிடுகிறாள். ஒரு பொருள் மாறும் வேகத்தை அறிந்தால் அதன் கடந்த நிலையையும் வரும் நிலையையும் அறியலாம் என்னும் இந்த எண்ணம் மனித குலம் கண்டடைந்த மிகப் பெரிய எண்ணங்களுள் ஒன்று என்பது என் உறுதியான கருத்து. நம் பிள்ளைகள் அதை முதன்முதலில் முழுமையாகச் சந்திக்கும் இடம் இந்த வகுப்புதான். கதிரியக்கச் சிதைவுக்கும் தொடர் கூட்டுவட்டிக்கும் இதே வடிவச் சமன்பாடுதான். உட்கொண்ட மருந்து இரத்தத்தில் குறைந்துகொண்டே போவதையும் பெரும்பாலும் இதே வடிவில்தான் கணக்கிடுகிறார்கள் என்பதை, மருத்துவம் படிக்கப்போகும் பிள்ளைக்குக் கணிதம் எதற்கு என்று கேட்ட எதிரணிச் சகோதரியார் எண்ணிப்பார்க்க வேண்டுகிறேன்.

கணினி எல்லாவற்றையும் செய்துவிடும் என்றும் சொன்னார்கள். சமன்பாட்டை எழுதிக் கொடுத்தால் கணினி தீர்த்துத் தரும். விடை சரியா என்று சோதிக்கவாவது எழுதியவருக்குக் கணிதம் தெரிந்திருக்க வேண்டும்.

ஆயினும், பிள்ளைகள் அழுகிறார்கள் என்று அவர்கள் சொன்னதை நான் மறுக்கவில்லை. அந்த அழுகைக்குக் காரணம் எது என்பதில்தான் வேறுபடுகிறேன். நுண்கணிதத்தின் அடிப்படைகளான எல்லை, வகையிடல், தொகையிடல் ஆகிய மூன்றும் +1 பாடநூலில் அறிமுகமாகின்றன. +1 பாடங்களைத் தள்ளிவிட்டு, இரண்டு ஆண்டுகளும் +2 பாடத்தையே நடத்தும் பழக்கம் பல பள்ளிகளில் இருந்தது; 2017-18இல் +1 வகுப்புக்கும் பொதுத்தேர்வு கொண்டுவரப்பட்டதற்கு அதுவே முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டது. 2025இல் அந்தத் தேர்வு நீக்கப்பட்டபின் பழைய பழக்கம் திரும்பிவிடுமோ என்ற கவலை எனக்கு உண்டு. எல்லை என்றால் என்னவென்றே அறியாத மாணவனிடம் தொகையீட்டைக் கொண்டு பரப்பளவு காணச் சொன்னால், அவன் மனப்பாடம் செய்வதைத் தவிர வேறென்ன செய்வான்? 90 மதிப்பெண் வினாத்தாளில் 20 மதிப்பெண் ஒரு மதிப்பெண் வினாக்களுக்கு உரியது. பாடத்தின் பின்னால் உள்ள அவ்வினாக்களுக்கு, கணக்கைப் போட்டுப் பார்க்காமலே விடையை மட்டும் உருப்போடும் பிள்ளைகளை நாம் அறிவோம். படிக்கட்டில் பாதியை உடைத்துவிட்டு, மாடி உயரமாக இருக்கிறது என்று குறை சொல்வது முறையாகுமா, நடுவர் அவர்களே?

பாரம் என்று தீர்ப்பு வருமானால் கணிதத்தை முதலில் விட்டு விலகப்போகிறவர்கள் யார் என்பதையும் தாங்கள் கருத வேண்டும். வீட்டில் பொறியாளர் இருக்கும் பிள்ளைக்கு எந்தப் பாடப்பிரிவு எந்தக் கதவைத் திறக்கும் என்று சொல்ல ஆள் இருக்கிறது. முதல் தலைமுறையாகப் பத்தாம் வகுப்பைத் தாண்டும் பிள்ளைக்கு, கணக்கு கஷ்டம், வேறு குரூப் எடு என்ற ஒரே அறிவுரைதான் கிடைக்கிறது. பொறியியல் கலந்தாய்வின் 200 மதிப்பெண் கட்-ஆஃபில் 100 கணிதத்துக்கு உரியது. இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் ஐம்பது ஐம்பதுதான். கட்டடக்கலைப் படிப்புக்கும் கணிதம் வேண்டும், என்.டி.ஏ. எனப்படும் தேசியப் பாதுகாப்பு அகாதமி வழியாகக் கடற்படைக்கோ விமானப்படைக்கோ போவதற்கும் வேண்டும். இவற்றையெல்லாம் பதினைந்து வயதில், யாரும் எடுத்துச் சொல்லாமல், ஒரு விண்ணப்பப் படிவத்தில் இழந்துவிடுகிற பிள்ளைகள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். அரசுப் பள்ளி மாணவர்க்கெனப் பொறியியல் உள்ளிட்ட தொழிற்கல்வி இடங்களில் 7.5 விழுக்காடு ஒதுக்கி 2021இல் சட்டம் வந்தது. தொழிற்பாடப் பிரிவினரை விட்டுப் பார்த்தால், +1இல் கணிதத்தைக் கைவிட்ட அரசுப் பள்ளி மாணவியால் அந்த ஒதுக்கீட்டில் ஒரு பொறியியல் இடத்தைக்கூடக் கேட்க முடியாது. அவளுக்குக் கணிதத்தைத் தரவேண்டும் என்றே என் அணி கேட்கிறது. நல்ல ஆசிரியரோடும், +1 பாடம் முழுமையாக நடத்தப்படும் வகுப்பறையோடும் தரவேண்டும் என்று கேட்கிறது. நன்றி, வணக்கம்.